'போன வாரம் போலவே'

வேலையைச் சுலபமாக்கத்தானே இதையெல்லாம் செய்தேன், பிறகு ஏன் இவ்வளவு களைப்பு?

நானும் என் கணவரும் மலேசியாவில் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறோம். முன்பு காலையில் போன் செய்து சொல்வார்கள். குழந்தை இடுப்பில் அழும், அடுப்பில் சாம்பார் பொங்கும். கணவர் எடுத்ததுபோக, எடுக்க முடியாமல் போன அழைப்புகளெல்லாம் செயலியில் ஆர்டர் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்குப் போயின. தொழிற்சாலை வாசலில் அவர்களுடைய மோட்டார் சைக்கிள்கள் கூடிக்கொண்டே வந்தன.

குழந்தை தூங்கும் நேரங்களில், கல்லூரியில் படித்ததை வைத்து, வாடிக்கையாளர்கள் போனில் ஆர்டர் செய்ய நானும் ஒரு இணையப் பக்கம் தயாரித்தேன். அதில் 'போன வாரம் போலவே' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் போதும். விட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

பிறகு புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. எல்லாரும் அதே பொத்தானை அழுத்தியிருந்தார்கள். போன சனிக்கிழமை கோழிப் பிரட்டல். கேட்கலாமா என்று யோசித்தேன். அவர்களே அழுத்தியதைக் கேட்டால் தொல்லையாக நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன். கோழியே போனது.

மதியம் ஷிப்ட் தலைவர் அழைத்தார். எங்கள் வியாபாரத்தில் பாதி அவருடைய ஆட்கள்தான்.

"தங்கச்சி, புரட்டாசி சனியில கோழி வந்திருக்கு."

"நீங்கதானேண்ணே அழுத்தினீங்க?"

"பஸ்ல தூக்கக் கலக்கத்துல அழுத்தினேன் லா. முன்னல்லாம் உங்க வீட்டுக்காரரு 'இன்னிக்கு சைவம்தானே'ன்னு கேப்பாரு."

பின்னால் யாரோ சொன்னார்: "நம்ம கோழியெல்லாம் நேப்பாளிங்களுக்குத்தான், அவங்களுக்கு இன்னிக்கே தீபாவளி."

அவசரமாக ரசமும் முட்டைக்கோஸ் பொரியலும் செய்து கணவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. பலர் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்களாம்.

அதன்பின் ஒவ்வொரு ஆர்டருக்கும் 'சைவமா, அசைவமா?' என்று கேட்கும்படி மாற்றினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, தலைவர் மறுபடி அழைத்தார்.

"தினம் தினம் கேக்குது தங்கச்சி. வீட்டுல ஒருத்தி கேக்குறது பத்தாதா? பசங்க வேற இடம் பாக்கலாங்குறாங்க. தொடர்றதா வேணாமான்னு மாசக் கடைசியில சொல்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் பழையபடி போனுக்கே போகலாம் என்கிறார். போனை யார் எடுப்பது?

சிறு தொழில் செய்பவர்களும், இப்படி வாங்கிச் சாப்பிடுபவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிடட்டுமா, விரத நாட்களில் மட்டும் கேட்கட்டுமா? யார் எந்த விரதம் இருக்கிறார் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது மரியாதையாக இருக்குமா? மாதக் கடைசிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.