விசாரிக்காமல் எழுதிய ஒரு வரி

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஆசிரியையாக இருந்தபோது, உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரைகள் எழுதி வந்தேன். ஒருநாள் கீழ்பென்னாத்தூர் சாலையில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிவந்த லாரி புளியமரத்தில் மோதி, டிரைவர் இறந்துபோனார். லாரி டிரைவர் என்றாலே குடிப்பவர் என்பது அப்போது என் அபிப்பிராயம். சாலை விபத்துகள் பற்றிய கட்டுரையில், அவர் பெயரைப் போட்டு, குடிபோதையில் ஓட்டியதாக எழுதிவிட்டேன். யாரையும் விசாரிக்கவில்லை.

பத்திரிகை வந்த மறுநாள், அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அவரு குடிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லைம்மா..."

"நெஞ்சுவலி வந்துதான் செத்தாருன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காருங்க. அவரு சாராயத்தைத் தொட்டதே இல்லீங்க. குடிகாரன் பொண்ணு வேணாம்னு, எங்க பொண்ணை நிச்சயம் பண்ணவங்க சொல்லிட்டாங்க."

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த இதழில் திருத்தம் போடவைத்து, அதை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கும் போனேன். என்னை வாசலிலேயே நிற்கவைத்து, வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

திரும்பி வந்து சொன்னபோது அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "கல்யாணம் போனா போவுதுங்க. அவரு பேரு போச்சே" என்று மட்டும் சொன்னார்.

இப்போது யாரைப் பற்றி எழுதினாலும், முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறேன். என் அபிப்பிராயத்தை, 'எனக்குத் தோன்றுகிறது' என்று சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த டிரைவரின் பெண்ணுக்கு அதன்பிறகு கல்யாணமே ஆகவில்லை.