சாத்தலாம், பூட்டக் கூடாது

சிஸ்டர் ஜெசிந்தா இறந்துபோன செய்திக்கு நான் கேக் படம் அனுப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். நான் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்வார்கள். காலையில் கேட்டில் நிற்கும்போது போன் சத்தம் போட்டது. எடுத்தால் சிஸ்டரின் சிரித்த முகம், சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே இங்கிலீஷில் நான்கு வரி. ஏதோ விழா என்று நினைத்தேன். மூன்றடுக்கு கேக் ஒன்றை அனுப்பினேன். அது போதாதென்று ஆடுகிற குரங்கு ஒன்றையும் அனுப்பினேன். கணக்கு டீச்சர் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்து, "யசோதாக்கா, மொதல்ல அத டெலீட் பண்ணுங்க" என்றார். எதை என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பெங்களூரில், வயதான சிஸ்டர்கள் தங்கும் இல்லத்தில், விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

எனக்கு டெலீட் செய்யத் தெரியாது. டீச்சருக்கு அழுகையில் கை ஓடவில்லை. கேக் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிஸ்டர் பார்த்திருந்தால் எந்தக் கடை என்று கேட்டிருப்பார்.

இந்த நினைவு மலரில் டீச்சர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். கேட்டில் உட்கார்ந்திருப்பவளும் எழுதட்டும் என்று இப்போதைய தலைமையாசிரியை சொன்னார். நான் ஐந்தாவது வரை படித்தவள். சொந்த ஊர் பேரிகை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கேட்டில் தமிழ். என் எழுத்து இந்தப் பள்ளியின் லேட் நோட்டில் எழுதி எழுதிப் பழகிய எழுத்து. பெயர், நேரம், காரணம் என்று அந்த வரிசையில்தான் எனக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்து எங்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கம்பெனி கேட்டில் ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு கம்பிக்கு வெளியே நின்று செக்யூரிட்டியிடம் கெஞ்சியிருக்கிறேன். கேட் என்றால் அதுதான் என்று படித்துக்கொண்டு வந்தவள் நான். எனவே அப்போது தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் என்னை வேலைக்குப் பார்த்த அன்று, எனக்குத் தெரிந்த பெருமையைச் சொன்னேன். "மணி அடிச்சு ஒரு நிமிசம் ஆச்சுன்னா ஈகூட உள்ள வராது சிஸ்டர்."

"ஈய விடு. புள்ள வந்தா?" என்றார்.

வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் எழுந்து என்னைக் கேட்டுக்கு அழைத்துப் போனார். மணி அடித்ததும் கேட்டைச் சாத்தலாம், தெருநாயும் மாடும் வராமல் இருக்க. பூட்டக் கூடாது. தாமதமாக வருகிற பிள்ளையை முதலில் ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பேச வேண்டும். "ஏன் லேட்டு" என்று கேட்கக் கூடாது. "என்ன ஆச்சு" என்று கேட்க வேண்டும். சொன்னதை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டில் பெயர், வகுப்பு, நேரம், காரணம் ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் அவரே ஸ்கேல் வைத்துப் போட்டார். 'தண்ணீர்' என்று மேலே எழுதினார். கொடுத்தால் டிக் போட வேண்டும்.

இது என்ன பள்ளிக்கூடமா தண்ணீர்ப் பந்தலா என்று கேட்டேன். முதல் நாளே எனக்கு அவ்வளவு வாய். அவர் கோபப்படவில்லை. பள்ளியை நடத்துகிற இந்த சிஸ்டர்களின் சபைக்கு எத்தனையோ தேசங்களில் பள்ளிகள் இருக்கின்றன, பாஷை வேறு, பாடம் வேறு, யூனிஃபார்ம் வேறு, ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து நீல அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது என்றார். அதில் இருப்பதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னால் பிள்ளையோடு இரு. பிள்ளை தப்புச் செய்த பிறகு போய் நிற்காதே, அதற்கு முன்னாலேயே அங்கே இரு. நான் கம்பெனிக் கதையைச் சொன்னேன். "அது கம்பெனி, யசோதா. அங்க நேரத்துக்கு ஆள் வேணும். இங்க ஆளுக்காகத்தான் நேரம்" என்றார். எனக்குப் பாதி புரிந்தது. தலையை முழுசாக ஆட்டினேன்.

இந்தப் பதினான்கு வருஷத்தில் பள்ளி நேரத்தில் அந்தக் கேட்டை நான் பூட்டியது இரண்டே தடவை. முதல் தடவையைப் பற்றி உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எதிரே இருக்கும் பள்ளியில் கோவிந்தப்பா என்று ஒரு வாட்ச்மேன் இருந்தார். மணி அடித்த நொடியில் பூட்டுப் போடுவார். அந்தச் சத்தம் எங்கள் கேட் வரை கேட்கும். ஒருநாள் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே, "ஏன் யசோதம்மா, அது ஸ்கூல் கேட்டா, டீக்கடையா? எவன் வேணா எப்ப வேணா வர்றான்" என்றார். ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரையே கிண்டல் செய்கிற எனக்கு, என்னைச் செய்தால் தாங்காது. அந்த வாரம் சிஸ்டர் கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். மறுநாள் மணி அடித்ததும் பூட்டிவிட்டேன்.

அன்று லேட்டாக வந்தது எட்டாம் வகுப்பு நந்தினி மட்டும்தான். ஒரு பக்கம்தான் ஜடை போட்டிருந்தாள். வாரத்தில் மூன்று நாள் லேட்டாக வருகிற பெண். "நாளைக்கு டைமுக்கு வா" என்றேன், கம்பெனி செக்யூரிட்டி என்னிடம் சொன்ன அதே குரலில். அவள் என்னைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். அன்று லேட் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நந்தினி மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். ஒரு வாரம் கழித்து அவள் வகுப்புப் பிள்ளை ஒன்று, பேரிகை ரோட்டில் ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸுக்கு அவள் வேலைக்குப் போவதாகச் சொன்னது. சென்னையிலிருந்து திரும்பியிருந்த சிஸ்டர் லேட் நோட்டைக் கேட்டு வாங்கி, அந்த வெள்ளைப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோவிந்தப்பாவைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். பிறகு என் டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது போகச் சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். பள்ளி வேன் கேட்டுக்கு வந்து நின்றது. உள்ளே சிஸ்டர். "ஏறு" என்றார்.

வழி முழுக்க நான்தான் பேசினேன். பயத்தில் எனக்குப் பேச்சு அதிகமாகும். அங்கே நீங்கள்தான் பேச வேண்டும், நான் பேசினால் கெட்டுவிடும் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "மூடினது நீ. தொறக்கறதும் நீதான்" என்றார். அவ்வளவுதான்.

முதலில் அவள் வீட்டுக்குப் போனோம். தகர ஷீட் போட்ட லைன் வீடு. அம்மா மஞ்சுளா அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறாள். வயர் கம்பெனியில் மூன்றாவது ஷிப்ட். இடுப்பில் ஒரு கைப்பிள்ளையோடு கதவைத் திறந்தாள். புருஷன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவானாம். ராத்திரி முழுக்க நந்தினிதான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். கம்பெனி பஸ் அம்மாவைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அவள் பள்ளிக்குக் கிளம்ப முடியும். பஸ் எப்போது வருகிறதோ அதுதான் அவளுக்கு மணி. அதே மாதிரி பஸ்ஸில் ஆறு வருஷம் போய் வந்தவள் நான். கேட்டிருந்தால் புரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

"பொண்ண வெளிய நிக்க வெச்சு அனுப்புனீங்க. இப்ப வேன் எடுத்துனு வந்துக்கிறீங்களா?" என்றாள் மஞ்சுளா. சிஸ்டரைப் பார்த்துத்தான் கேட்டாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான்தான் பூட்டினேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாலிஹவுஸைக் கையைக் காட்டினாள்.

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்ததும், இங்கே வேலை செய்கிற பெரியம்மா கூடச் சும்மா வந்த பிள்ளை என்று ஆரம்பித்தார். சிஸ்டர் அவரைத் தனியாகக் கூட்டிப் போய் மெதுவான குரலில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு வேறெங்கோ அவசர வேலை வந்துவிட்டது. நந்தினி உள்ளே ரோஜாக்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்களில் முள் கீறல். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. கிண்டல் செய்யத்தான் தெரியும்; அன்று அதுவும் வரவில்லை. "நந்தினி, நான் பூட்டினது தப்பு. பள்ளிக்கூடத்துக்கு வா" என்றேன்.

அவள் கட்டைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கும் லேட்டாத்தான் வருவேன்கா."

"வா."

"நாளான்னைக்கும் லேட்டுதான்."

"வா."

"பூட்டுவீங்களா?"

"பூட்டமாட்டேன்" என்றேன். கட்டைக் கீழே வைத்தாள்.

நான் கேட்டைத் திறந்துவிட்டேன். ஆனால் முதல் பீரியட் போய்விடுகிறதே, அதற்கு என்ன செய்வது? சிஸ்டர் மறுநாளே கேட் பக்கத்தில் புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போடச் சொன்னார். ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் பீரியட் அங்கேதான், அவரே எடுத்தார். மழை வந்தால் என் கேட் ரூமில். நந்தினியோடு ஆரம்பித்து அந்த வருஷம் ஏழு பேர் ஆனார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பின்னம் கற்றுக்கொண்டேன். என் நோட்டில் இருந்த எழுத்துப் பிழைகளையும் அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் சிவப்பு மையில் திருத்துவார். கோவிந்தப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, இப்போது டீக்கடைக்குப் பெஞ்சும் வந்துவிட்டது என்றார். அடுத்த வருஷம் தன் பேத்தியை எங்கள் பள்ளியில்தான் சேர்த்தார்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து சபையின் பெரிய சிஸ்டர் பள்ளியைப் பார்க்க வந்தார். எல்லோரையும் உட்கார வைத்து, நம் பள்ளிகளின் கல்வி முறை என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டார். டீச்சர்கள் இங்கிலீஷில் நன்றாகச் சொன்னார்கள். என் முறையும் வந்துவிட்டது. "சாத்துவோம், பூட்டமாட்டோம்" என்றேன். சிஸ்டர் ஜெசிந்தா அதை இங்கிலீஷில் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது மூன்று வார்த்தைகூட இல்லையே, மேலே என்ன சேர்த்தீர்கள் என்று பிறகு விசாரித்தேன். "நீ ஒரு தடவ பூட்டினதையும் சொன்னேன்" என்றார். இந்தச் சபையைத் தொடங்கிய அம்மையார் முதல் பள்ளியில் கதவு திறக்கும் வேலையைத்தான் செய்தாராம்; பெரிய சிஸ்டர் அதை என்னிடம் சொல்லச் சொன்னாராம். அன்று முழுக்க ஸ்டூலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஓய்வு பெற்றுப் பெங்களூர் போகும்போது பெரிய பிரிவு உபசாரம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். கேட்டுக்கு வந்தார், நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், நோட்டைப் புரட்டிப் பார்த்து, "எழுத்து தேவலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது 'என்ன ஆச்சு' என்கிற அந்தக் கேள்விதான். நீல அட்டைப் புத்தகம் என்னிடம் இல்லை, இருந்தாலும் படிக்க வராது. இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் தினமும் கேட்கிறேன், அவர்கள் சொல்கிறார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற பையன் யானை ரோட்டில் நின்றது என்பான், எழுதுகிறேன். அதில் பாதி நாள் பொய் என்று எனக்குத் தெரியும், அந்த யானைக்கும் தெரியும். வீட்டுக்காரர் தாமதமாக வந்த ஒருநாள் அவரிடமும் இதே மாதிரி தண்ணீர் கொடுத்து, மெதுவாக, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். பயந்துபோய் நான் கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டார்.

இரண்டாவது தடவை பூட்டியது அடக்கத்தன்று. சிஸ்டரின் உடலைப் பெங்களூரிலிருந்து முதலில் பள்ளிக்குக் கொண்டுவந்து, பிறகு பக்கத்து மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வதாக ஏற்பாடு. பத்து மணிக்கு வர வேண்டும். கூட்டத்தில் யாரோ தங்கள் காரை நேராக உள்ளே ஓட்டிவந்து பூக்கூடைகள் மேல் ஏற்றப் பார்த்தார்கள். அதனால் பூட்டினேன். ஐந்து நிமிடம்தானே என்று சாவியை மாலைக் கூடையில் போட்டேன். கூடையைக் கோவிலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

சிஸ்டரின் வண்டி வந்தபோது மணி பத்தே கால் தாண்டிவிட்டது. நான் கம்பிக்கு உள்ளே, சிஸ்டர் கம்பிக்கு வெளியே. வண்டிக்குப் பின்னாலேயே முதல் ஷிப்டுக்குப் பர்மிஷன் போட்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு நந்தினியும் வந்து நின்றாள். இப்போது ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். பூட்டைப் பார்த்தாள், இந்த முறை என்னையும் பார்த்தாள். "அன்னைக்கே கேட்டேன்லக்கா" என்றாள். ஒருவர் சாவியைத் தேடி ஓடினார். நான் கம்பி வழியாக டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு சாவி வந்தது, திறந்தேன். அன்றைய லேட் நோட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். பெயர்: சிஸ்டர் ஜெசிந்தா. வகுப்பு: இல்லை. நேரம்: பத்து இருபத்தெட்டு. காரணம்: அத்திப்பள்ளியில் டிராஃபிக், பதினேழு நிமிடம், கேட்டில் சாவி இல்லை, பதினொரு நிமிடம். தண்ணீர்: டிரைவருக்கு மட்டும்.