ஸ்டார்ட் ஆகாத காரும் முருகன் காட்டித் தந்த பிழையும்

தை பிறந்து சில நாளில், ஒரு திங்கட்கிழமை காலை, பனி மூடிய லாசால் நகரில் என் அபார்ட்மென்டுக்குக் கீழே நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு ‘டிக்’ சத்தம்கூட இல்லை.

பதினான்கு வயதுக் கார் என்றால் அப்படித்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் என் பாடு வேறு. நான் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற ஊரில் மதாம் லூசியென் வீட்டில் நிற்க வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் இயங்காதவர், தனியே இருப்பவர். முதல்நாள் மாலை வேறொரு பெண் அவரைப் படுக்க வைத்துவிட்டுப் போனால், மறுநாள் நான் போய்த் தூக்கி உட்கார வைக்கும்வரை அப்படியே கிடப்பார். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டரை ஆகிவிடும்.

அன்று ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். படுக்கை நனைந்திருந்தது. அவர் அழுது ஓய்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “டெசொலே, டெசொலே” என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பிந்தி வந்தவள் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் திரும்பி வந்தால், வெயிலில் நின்ற அதே கார் ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது! வந்த ஆத்திரத்தில் டயரை ஓர் உதை உதைத்தேன். என் கால்தான் நொந்தது.

எங்கள் பகுதியில் கராஜ் வைத்திருக்கும் சுதனிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொய் சொல்லமாட்டார். முதலில் பேட்டரியை மாற்றினார். மூன்றாம் நாள் பழையபடிதான். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார். அதற்கும் அசையவில்லை. ஆனால் ஹீட்டர் போட்ட கராஜுக்குள் நிற்கும்போது மட்டும் கார் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு தரமும் ஸ்டார்ட் ஆகும்.

“அக்கா, இஞ்சை ஒரு பிழையும் காட்டுதில்லை. நான் என்ன செய்யிறது? வித்துப்போட்டு வேறை ஒண்டை எடுங்கோ,” என்றார்.

“அதைப் பேந்து பாப்பம். பிழை எதெண்டு தெரியாமல் நான் விடமாட்டன்,” என்றேன்.

ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். இன்று மைனஸ் எத்தனை டிகிரி குளிர், எந்த விளக்கு எரிந்தது, என்ன சத்தம் கேட்டது என்று தினமும் எழுதினேன். குளிர் கடுமையான காலைகளில்தான் வராது, சூடு பட்டால் வரும் என்பதுவரை பிடிபட்டது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதற்கிடையில் வேலை இடத்து மேற்பார்வையாளர் இன்னொரு நாள் பிந்தினால் மதாமை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

இனி என் பக்தியையும் சொல்லத்தான் வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து வெள்ளிதோறும் சாவியை முருகன் படத்தடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் பூசித்தான் எடுப்பேன். துடைத்தால் பாவம் என்று அப்படியே கொண்டுபோய்க் காரின் சாவித் துவாரத்தில் செருகுவேன். கார் அடம்பிடிக்கத் தொடங்கியதும் அது ஒவ்வொரு நாளும் என்றாகிவிட்டது. தைப்பூசத்தன்று கோவிலில் ஐயர் தந்த அபிஷேகச் சந்தனத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் அப்பினேன்.

மறுநாள் காலை மைனஸ் இருபத்துநான்கு. கார் அசையவில்லை. மணி ஆறு ஐந்து. இன்று பிந்தினால் மதாமை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். கையுறையோடு கும்பிட மனம் வரவில்லை. கழற்றி மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன்.

“முருகா, எனக்குப் புதுக்கார் வேண்டாம். உதவிக்கு ஆளும் வேண்டாம். பிழை எங்கை எண்டு மட்டும் காட்டு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

கண்ணைத் துடைத்துவிட்டு, வெறும் கையாலேயே சாவியைப் பிடித்துத் திருப்பினேன். விளக்கு எரியும் இடம்வரை வந்தது. அதற்குமேல் ஏதோ பிடித்து இழுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை நாளும் சாவி கடைசிவரை திரும்பவே இல்லை! தடித்த கையுறைக்குள் அது எனக்குத் தெரியவில்லை. போன் வெளிச்சத்தைச் சாவித் துவாரத்தில் அடித்தேன். விளிம்பைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. எட்டு வருடத்துச் சந்தனம். நான் வைத்தது.

சுதனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“சந்தனமோ, அக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“சிரியாதை தம்பி. என்ன செய்யிறது, அதைச் சொல்லு.”

“பூட்டு உறைஞ்சால் அடிக்கிற ஸ்பிரே வைச்சிருக்கிறியளோ?”

“ஓம், பையுக்கை கிடக்கு.”

“அதைத் துவாரத்துக்கை அடிச்சு, சாவியை விட்டு விட்டு எடுங்கோ. எடுக்கிற நேரமெல்லாம் துடையுங்கோ. பலவந்தமாய்த் திருப்பாதேங்கோ, முறிஞ்சிடும்.”

அபிஷேகச் சந்தனத்தை டிஷ்யூ பேப்பரால் துடைக்க ஒரு கணம் கை கூசியது. “காட்டினது நீ, கோபிக்காதை,” என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். முதல் பேப்பரில் சேறு மாதிரி வந்தது. அடித்தேன், விட்டேன், எடுத்தேன், துடைத்தேன். விரல் நுனிகள் மரத்துப்போயின. எத்தனை பேப்பர் என்று எண்ணவில்லை. கடைசியில் ஒன்று வெள்ளையாகவே வந்தது. சாவி வழுக்கிக்கொண்டு கடைசிவரை திரும்பியது. எஞ்சின் பிடித்தது. “முருகா!” என்று நான் கத்தியது மேல்மாடிக்கே கேட்டிருக்கும்.

ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மதாம் வீட்டுக்குள் போனேன். விழித்தபடி வாசலைப் பார்த்துக் கிடந்தார். படுக்கை காய்ந்திருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பொன்ஜூர்” என்று காலை வணக்கம் சொல்லி, இயங்கும் கையை என்னிடம் நீட்டினார். அன்று அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன்பின் சுதன் அந்தப் பூட்டை முறையாகச் சுத்தம் செய்து தந்தார். இந்த மாரிக்குளிர் முடியும்வரை ஒரு நாளும் நான் பிந்தவில்லை. “இதிலை முருகன் என்ன செய்தவர், அக்கா? ஸ்பிரேதானே செய்தது?” என்று அவர் என்னைச் சீண்டுவதுண்டு. மைனஸ் இருபத்துநான்கில் புத்தி உள்ள எவளாவது கையுறையைக் கழற்றுவாளா? கும்பிடுவதற்காகத்தான் நான் கழற்றினேன். எனக்கு அந்தச் சாட்சி போதும்.

இப்போது சந்தனம் முருகனுக்கு மட்டும். சாவிக்கு ஒரு கும்பிடு. என் வேண்டுதலும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘நீயே செய்து தா’ என்று கேட்பேன், இப்போது ‘காட்டு, நான் செய்கிறேன்’ என்று கேட்கிறேன்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் பிடிபடாத பிழை ஒன்று இருக்கலாம். விட்டுவிடாதீர்கள், அவனிடம் கேளுங்கள். அது என்னுடைய பிழையாக இருந்தாலும் திருத்துவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். எனக்குக் காட்டியவன் உங்களுக்கும் காட்டுவான்.