அப்பா பிரிக்காத கடிதங்கள்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் நான்தான் முதலில் ஓடிப்போய், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வருகிறவரிடம் ஈரோடு, வியாழக்கிழமை வருகிறவரிடம் திருப்பூர். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. நான் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அப்பா தறிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். வந்தவர் போனதும் நான் போய்த் தொட்டியை மூன்று முறை தட்டுவேன். அப்பா எழுந்து வந்து என் தலையைத் தடவிக் கொடுப்பார். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் அப்பாவோடு இப்படி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அம்மா மதியம் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு நூல்தார் சுற்றிக் கொடுக்கப் போய்ப் பொழுது சாயத்தான் வருவாள் என்பதால் அவளுக்கு இது தெரியாது. அவளிடம் சொல்லக் கூடாது என்பதும் விளையாட்டின் விதிகளில் ஒன்று.

சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவுக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. முதலில் இரண்டுதான். பிறகு பேங்கில் கடன் வாங்கி இன்னும் இரண்டு போட்டார். போட்ட நேரமோ என்னவோ, நூல் விலை ஏறியது, நெசவுக் கூலி இறங்கியது. பேங்குக்குக் கட்டுவதற்காக வாரவட்டிக்கு வாங்கினார். வாரவட்டிக்குக் கட்டுவதற்காக ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தறிச் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியதால் பள்ளிக்கூடத்திலும் நான் கத்தித்தான் பேசுவேன்.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் தபால்தலை சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. ஆரம்பித்து வைத்தவள் விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வருகிற ஒரு பெண். அவளுக்கு இந்தியா முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எல்லோரும் அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் சொந்தக்காரர்களோ ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பஸ் ஏறி நேரே வந்துவிடுகிறவர்கள். என் நோட்டில் பொங்கல் வாழ்த்து வந்த உறையிலிருந்து கிழித்த ஒரே ஒரு தபால்தலை இருந்தது.

அப்படியிருக்கையில்தான் தறிக்கூடத்து மூலையில், தறியில் குறுக்கே ஓடி ஓடித் தேய்ந்துபோன நாடாக்களைப் போட்டு வைக்கும் மரப்பெட்டியைக் கிளறினேன். நாடாக்களுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கடிதங்கள், கட்டுக் கட்டாக. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் தபால்தலை இருந்தது, பதிவுத் தபால்களில் மூன்றும் நான்குமாக. புதையல் கிடைத்தவளைப் போல நின்றேன். பிரிக்காமல் வைத்திருக்கிறார் என்றால் வேண்டாத கடிதங்களாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொரு உறையின் மூலையையும் நறுக்கினேன். உள்ளே இருந்த காகிதமும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

தபால்தலையைத் தனியே பிரிக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அடுக்களையில் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருந்தேன். சாயங்காலம் வந்த அம்மா தட்டைப் பார்த்தாள். தபால்தலைகளோடு, டைப் அடித்த காகிதத் துண்டுகளும் மிதந்துகொண்டிருந்தன. அம்மா ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் ஒட்டவைத்து எழுத்துக் கூட்டினாள். 'கட்டத் தவறினால்' என்று மட்டும் அதில் இருந்தது.

ஏது இது என்று அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். பெட்டியைக் காட்டினேன்.

அடுத்து நடந்ததை நான் கரண்ட் போய்விட்டது என்றே நினைத்தேன். ஏனென்றால் தறிகள் நான்கும் ஒரே நேரத்தில் நின்றன. கரண்ட் போகவில்லை. அம்மா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டிருந்தாள். பஞ்சுத் தூசு படிந்த தரையில் மஞ்சள் பையை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்களே பிரிங்க. நானு பிரிக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூலை இல்லாத காகிதங்கள் வெளியே வந்தன. அம்மா வாங்கி வாசித்தாள். எட்டாவது வரை படித்தவள், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசிப்பாள். ஒரு கடிதத்தில் வெட்டுப்பட்டது தொகை இருந்த இடம். "இது எத்தனைன்னே தெரியலீங்களே" என்று சொல்லி அம்மா திடீரென்று சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். பிறகு இருவரும் சிரிக்கவில்லை. ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டாள்.

"பிரிக்காத வரைக்கும் இன்னும் வந்து சேராதமாதிரி இருந்துச்சு" என்றார்.

யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள் அம்மா. அப்பா ஒவ்வொரு சொந்தமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவார், அவரிடமே வாங்கியிருக்கிறேன், இன்னொருவர் முகத்தில் விழிக்கவே முடியாது. கடைசியில் மிஞ்சியது தொண்டாமுத்தூரில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா. அந்த வீட்டுக்கு நாங்கள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை தன்னை மதிக்காமல் பேசிவிட்டாள் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அம்மாவுக்கு அத்தைமேல் இரண்டு வருடக் கோபம் இருந்தது.

"அக்கா ஒண்ணுமே பேசலை" என்றார் அப்பா தரையைப் பார்த்தபடி. "சீருக்குப் போகக் கையில காசில்லை. அதான் அப்பிடிச் சொல்லிப்போட்டேன்."

அத்தை மகள் பெரியவளானபோது தாய்மாமனாக அப்பாதான் சீர் கொண்டுபோயிருக்க வேண்டும். அத்தையோடு சண்டை என்று அம்மாவிடம் சொன்னவர், தனக்கு மஞ்சள்காமாலை என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். படுத்த படுக்கை, பஸ் ஏற முடியாது என்று. அதன் பிறகு எந்த முகத்தோடு போவது?

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டதால் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். காந்திபுரத்தில் இறங்கியதும் அப்பா, இன்னொரு நாள் போகலாமே என்றார். அம்மா தொண்டாமுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்பா படிக்கட்டருகிலேயே நின்றுகொண்டு வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடுவாரோ என்பதுபோல அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அத்தையின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது வாழைத்தோப்பில் பாதி தரையில் கிடந்தது. முந்தின நாள் யானைகள் இறங்கியிருக்கின்றன. குலை தள்ளின மரங்கள் நடுவில் முறிந்து, மிதிபட்டு, நார் நாராகக் கிடந்தன. மாமா வனத்துறை ஆட்களைப் பார்க்கப் போயிருந்தார். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் அரிவாளோடு, தேறுகிற காய்களை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டார்.

"இந்த நெலமைல என்னன்னு கேக்கறது? போயிறலாம்" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

அதற்குள் அத்தை பார்த்துவிட்டாள். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வேகமாக வந்தாள். வாங்க என்று எங்களைக் கூப்பிட்டாள், ஆனால் கண் அப்பாமேலேயே இருந்தது.

"காமாலை செரியாப் போச்சா கண்ணு?"

அப்பா என் கையை விட்டுவிட்டார். அத்தை விடவில்லை.

"நானு ரெண்டு தடவை பொறப்பட்டேன், உன்னைப் பாக்கறக்கு. வந்தா நீ என்ன நெனப்பியோன்னு இருந்துட்டேன். எங்க, கண்ணைக் காட்டு."

அத்தை கிட்டே போய், ஒரு கையால் அப்பாவின் தாடையைப் பிடித்து, இன்னொரு கைக் கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அப்பா அத்தையைவிட ஒரு முழம் உயரம். குனிந்து, சின்னப் பையன்போலக் காட்டிக்கொண்டு நின்றார். மஞ்சள் ஏதும் இல்லை என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு இன்னொரு கண்ணிலிருந்தும். அத்தையின் விரலெல்லாம் வாழைக்கறை. கறை கண்ணில் பட்டு எரிகிறது என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவர நான் கிணற்றடிக்கு ஓடினேன். சொம்போடு திரும்பி வந்தபோது இருவரும் முறிந்து கிடந்த வாழைமரத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரை அப்பா குடித்துவிட்டார். கண் கழுவத்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அத்தை எல்லாக் கடிதங்களையும் கயிற்றுக் கட்டிலில் பரப்பச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாருக்கு என்ன என்று அப்பாவையே வாய்விட்டுச் சொல்ல வைத்தாள். அப்பா சொல்லச் சொல்ல, ம், ம் என்று கேட்டாள். எல்லாம் முடிந்ததும் தோப்பின் பக்கம் கையைக் காட்டினாள்.

"எங்கிட்டப் பணமில்லை, நீயே பாத்தீல்ல. நாளான்னிக்கு வாரேன். ஆராரைப் பாக்கோணுமோ அத்தனை பேரையும் போய்ப் பாக்கலாம். நீ பேசு, நானு பக்கத்துல உக்காந்திருக்கறேன்."

சொன்னபடியே வந்தாள். அப்பா மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்த பேங்க் மேனேஜர் ஜலதோஷம் பிடித்த ஓர் இளைஞர். மூலை போன கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எலி கடித்ததா என்று கேட்டாராம். அப்பா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை, "இல்லீங்க, புள்ளை வெட்டிப்போட்டுது" என்று சொல்லிவிட்டாள். மேனேஜர் தவணையைப் பிரித்துக் கொடுத்தார். வாரவட்டிக்காரர் அப்படியில்லை. தெருவே கேட்கக் கத்தினார். அத்தை அவர் கத்தி முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது தம்பி பேசுவான் என்றாளாம். புதிதாகப் போட்ட இரண்டு தறிகளையும் விற்றோம். மீதியைக் கட்டி முடிப்பதற்குள் நான் கல்லூரிக்குப் போகும் காலம் வந்துவிட்டது. எனக்குத் திங்கள், வியாழன் வேலையும் இல்லாமல் போயிற்று. அதில் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதில் எதுவும் நடந்திருக்கவில்லை. ஒரு கடன்கூட அடைந்திருக்கவில்லை. சாயங்காலம் காந்திபுரத்தில் ஏறிய சூலூர் வழி பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. சிங்காநல்லூர் வருவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். தலை சரிந்து அம்மாவின் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அப்படி உட்காருவதற்கு அம்மா வெட்கப்படுகிறவள். அன்று நகரவில்லை.

சூலூர் வந்தது. கண்டக்டர் சத்தம் போட்டார், ஆட்கள் இறங்கினார்கள். நான் எழுந்துகொண்டேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். நம்ம ஊர் வந்துவிட்டது என்று என் வழக்கமான குரலில் கத்தினேன். அம்மா வாயில் விரல் வைத்தாள். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் வந்து, சூலூர் டிக்கெட்தானுங்களே என்றார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை நீட்டினாள். பல்லடத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பி வந்தோம்.

அம்மா இறங்க மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். காசுக்கு இவ்வளவு கஷ்டம் என்கிறார்கள், இதற்குப் போய் மூன்று டிக்கெட்டா என்று வீடு வரும்வரை அவளோடு பேசாமலே வந்தேன்.