மல்லிகைச் சர்க்கரை தடவிய பன்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மாவு பிசைந்த விரல்களுக்குப் பேனா பிடிபடுவதில்லை. ல, ள, ழ மூன்றும் இடம் மாறியிருந்தால் நீங்களே எடுத்துச் சரியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள் வானவடியில் புதிதாகத் திறந்த கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே நான்கு பன். மேலே கண்ணாடி மாதிரி சர்க்கரைப் பூச்சு. "மோக்ரா ஃப்ளேவர்ப்பா" என்றாள். நம் மல்லிகையைத்தான் சொல்கிறாள். தமிழ்ப் பெயர் அவள் வாயில் வராது. முகர்ந்து பார்த்தேன். பாட்டில் எசென்ஸ். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி வள்ளி, "எனக்கு வேணாம்" என்று உள்ளே போய்விட்டாள். எனக்கும் இறங்கவில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம், கோடை. பிழைக்க வந்த இந்த மராட்டி ஊரில், கோர்படிப் பக்கம் ஒரு பேக்கரியில் பட்டி வேலை எனக்கு. பட்டி என்றால் பெரிய விறகு அடுப்பு. அதன் முன்னால் நிற்பவன் யாரிடமும் பேச வேண்டியதில்லை. கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? பட்டாள மெஸ்ஸில் விருந்துக்குப் பூ மணக்கும் பன் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பூச்சு வேலைக்கென்றே ஓர் ஆள் எடுப்பதாக முதலாளி சேட் சொன்னார்.

நான் மல்லிகையைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு. சேட் நக்கிப் பார்த்துத் துப்பினார். "க்யா ரே, தவாயி பனாயா?" மருந்தா காய்ச்சினாய் என்று.

வள்ளியிடம் சொன்னால் சிரிக்கிறாள். "பூவக் கொதிக்க வெச்சா கசக்காம என்னங்க செய்யும்? சக்கரையோட மூடி வைங்க, அதுவா குடுக்கும்."

கடைப் பூவை அவள் தொடவில்லை. தண்ணீர் தெளித்திருப்பார்கள், சர்க்கரை இளகிவிடும். ரயில்வே காலனி வேலியோரம் சாயங்காலம் மொட்டாகவே பறித்து வருவாள். பிஸ்கட் டப்பாவில் சர்க்கரை ஓர் அடுக்கு, மொட்டு ஓர் அடுக்கு. உள்ளேயே மலரும். மறுநாள் சலித்துவிட்டுப் புது மொட்டு. மூன்று நாள் இப்படி. பிறகு பொடித்து, ஆறின பாலில் குழைத்து, பன் ஆறிய பிறகுதான் தடவ வேண்டும். சூட்டில் தடவினால் மணம் பறந்துவிடும்.

"அந்தப் பூச்சு வேலைய எனக்குக் கேளுங்க" என்றாள். "நாள் முழுக்க இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்க முடியல." அப்போது அவளுக்கு இந்தி தெரியாது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவிடம் இரண்டே சொல் கற்றுக்கொண்டாள். "மைனே பனாயா." நான் செய்தேன் என்று அர்த்தம். சப்பாத்தி தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பாள்.

மெஸ்ஸிலிருந்து ஒரு மேடம் நேரிலேயே வந்தார். நல்ல சேலை கட்டிக்கொண்டு, டப்பாவும் கையுமாக வள்ளி கல்லா ஓரம் நின்றாள். மேடம் ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினார். யார் செய்தது என்று கேட்டார். சேட் என்னைப் பார்த்தார். என்னோடு பட்டியில் வேலை செய்த இரண்டு பேரும் பார்த்தார்கள். பெண்டாட்டியிடம் பாடம் படித்தவன் என்று நாளைக்கு இவர்கள் கேலி பண்ணுவார்களே என்றுதான் என் மனசில் ஓடியது.

"மைனே பனாயா" என்றேன்.

அந்தக் கடையில் நான் சத்தமாகப் பேசியது அன்று ஒருநாள்தான். வள்ளியின் வாய் பாதி திறந்திருந்தது. மூடிக்கொண்டாள். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதன் பிறகு அவள் பூப் பறிக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கடைப் பூவை வைத்து நானே செய்து பார்த்தேன். சர்க்கரை கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் மெஸ் ஆர்டர் நின்றது. சேட் எந்த ஆளையும் எடுக்கவில்லை.

இப்போது பேக்கரி இருந்த இடத்தில் அடுக்குமாடி. பூச்செடி வேலி போய் மதில் சுவர் வந்துவிட்டது. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் கிடக்கிறது. வள்ளி தலையில் பூ வைப்பதில்லை. காய்கறிக்காரனிடமும் ஆட்டோக்காரனிடமும் இந்தியில் வெளுத்து வாங்குகிறாள். அந்த இரண்டு சொல்லை மட்டும் மறுபடி அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

செய்தது வள்ளி. கல்லா ஓரம் நின்று சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல அந்தக் கல்லாவும் இல்லை. காகிதத்தில் எழுதிவிட்டேன். மகளுக்குத் தமிழ் படிக்க வராது. வள்ளி படிப்பாள்.

2008 நவம்பர் 16, ஞாயிறு.