மோவாயைத் தூக்காதே, பவானி

1. முதல் நாள்

ஃபோகஸ் புல்லரின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடிகர் நகர நகர, லென்ஸுக்கும் அவர் கண்ணுக்கும் உள்ள தூரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஓர் அங்குலம் தப்பினால் முகம் மங்கலாகிவிடும். திட்டு மட்டும் தெளிவாக விழும். முப்பது வருஷம் அந்தத் திட்டை வாங்கிவிட்டு, இப்போது சொந்த ஊரான திருத்தணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பவானி முதன்முதலில் ஷூட்டிங்கிற்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் அவளுடைய அப்பா முனிரத்தினம் கூட வந்திருந்தார். சரியான வாலு அது! மார்க் போட்ட இடத்தில் நிறுத்தினால் சாப்பாட்டு வண்டிப் பக்கம் ஓடும். என் வேலைக்கே உலை வைத்துவிடும் போலிருந்தது. லென்ஸுக்கு மேலே சிவப்பாக ஒரு பொட்டை ஒட்டினேன்.

"பாப்பா, யார் பேசினாலும் தலையைத் தூக்கி இதையே பாரு. சாயந்திரம் பால்கோவா வாங்கித் தரேன்."

"ஆங், சரி டேப் மாமா." தூரம் அளக்கும் டேப்போடு திரிந்ததால் எனக்கு அந்தப் பெயர்.

அண்ணாந்து பார்க்கும் அந்தக் கண்ணுக்கு ஊரே மயங்கியது. படம் மேல் படம் வந்தது. நான் தயார்பண்ணிய பெண் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. மூன்றாவது நாள்

திடீரென்று வளர்ந்துவிட்டாள். குழந்தை வேஷத்துக்குப் பெரிசு, கதாநாயகிக்குச் சிறிசு என்று எல்லாரும் ஒதுக்கினார்கள். தினமும் அரக்கோணம் ரயிலில் போய்க் கல்லூரிப் படிப்பை முடித்தாள். இருபத்திரண்டு வயதில் ஒரு புது இயக்குநர் அவளைக் கதாநாயகியாகப் போட்டார். எங்கள் மலையடிவாரத்திலேயே ஷூட்டிங். ஃபோகஸுக்கு நான்.

குடித்துவிட்டு வரும் அண்ணனை வாசலிலேயே தடுக்கும் நர்ஸ் வேஷம் அவளுக்கு. டேக் மேல் டேக் போயிற்று. மூன்றாம் நாள் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோவமாப் பேசினாலும் சாக்லேட் கேக்கற மாதிரியே இருக்குண்ணே. மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். தேறலன்னா வேற பொண்ணு வருது, சொல்லி வெச்சிட்டேன்."

காரணம் எனக்குத் தெரியும். கோபமான வசனம் வந்ததும் அவள் மோவாய் மேலே போகும். கண் இரண்டு அங்குலம் பின்னால் போகும். மூன்று நாளாக நான்தான் சத்தமில்லாமல் ஃபோகஸைத் திருப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் மேலிருந்த சிவப்புப் பொட்டு போய்ப் பல வருஷமாகியும் அவள் இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக அவளிடம் போய்ச் சொன்னேன்.

"மோவாயத் தூக்காதம்மா. நான் பழக்கிவிட்டதுதான். தப்பு எம்மேல."

"இப்ப வந்து சொல்றியே மாமா! மூணு நாளா பாத்துக்கினுதானே இருந்த?" அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அடுத்த டேக்கில் மோவாயை இறக்கினாள், வசனம் மறந்துபோயிற்று. அழுகையை அடக்கிக்கொண்டு, அன்றும் கூட வந்து படியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். அங்கேதான் அதைக் கேட்டேன்.

"நைனா, மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத. அட்டை அப்பிடியே கீது பாரு. உன்ன வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

மோவாய் இம்மிகூட அசையவில்லை. நேராகப் பார்த்த பார்வையில் மனிதர் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இயக்குநரிடம் ஓடினேன். குளோசப்தானே, எதிரில் அண்ணனாக நடிப்பவர் நிற்க வேண்டியதில்லை, அவள் பார்க்க ஓர் ஆள் போதும் என்றேன். லென்ஸுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, முனிரத்தினத்தை உட்காரவைத்தோம்.

"நான் இன்னா சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா உக்காந்திருங்க."

பவானி அவரைப் பார்த்தாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

இயக்குநர் "ஓகே!" என்று கத்திவிட்டு, வேறு பெண் வர வேண்டாம் என்று போன் போட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் சௌகரியத்துக்காக ஒரு குழந்தையிடம் ஏற்றிய பழக்கத்தை, வளர்ந்த பின் இறக்கிவைக்கவும் நீங்களே போங்கள். மூன்று நாள் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது இன்னும் உறுத்துகிறது.

அன்று இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. பவானி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"எய்ந்திரு நைனா, முடிஞ்சிபோச்சி."

அவர் மகளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"அப்ப நான் வூட்டுக்கு வரலாமாம்மா?"