ஊருக்கு மட்டும் கலெக்டர்

என் நாத்தனார் ஜெயசுதா கலெக்டர் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஆகிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். எந்த மாநிலம், எந்த ஜில்லா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் என் மாமனார் ரங்கநாதன் வாயிலிருந்து போன சங்கதிதான்.

நான் கலைவாணி, அந்த வீட்டு மருமகள். ஜெயசுதாவின் அண்ணன் அரிகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு நான் வந்தபோது அவள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நாத்தனார் இருக்கிற வீடு, வாயை அடக்கிக்கொண்டு இரு என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். நான் எங்கே அடக்கினேன்? எங்களுக்குள் சண்டை வரும். எல்லாம் பேப்பர் சண்டை. சுட்ட வடையை எடுத்துப் போட நான் பேப்பரை விரித்தால், "ஐயோ அண்ணி, அதுல தலையங்கம் இருக்குது!" என்று பறந்து வருவாள். "தலையங்கம் இன்னா, எண்ணெ குடிக்காதா?" என்பேன். சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டு போவாள்.

இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்தாள். நான் அடுப்படியில் நிற்க, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து உரக்கச் சொல்வாள். யாருக்காவது சொன்னால்தான் மனசில் நிற்குமாம். அதனால் ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், ஐப்பசியில் புயல் ஏன் வருகிறது எல்லாம் எனக்குத் தெரியும். பத்தாவது தாண்டாத எனக்கு!

தேர்வு மூன்று கட்டம் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான். முதல்நிலைத் தேர்வு சும்மா சலித்து எடுப்பதற்கு. அதில் தேறியவர்கள் முதன்மைத் தேர்வு எழுதலாம். அதிலும் தேறினால் டெல்லியில் நேர்காணல். அதற்கும் பிறகுதான் பட்டியல், வேலை எல்லாம். ஜெயசுதா ஒவ்வொரு வருஷமும் முதல் கட்டத்திலேயே நின்றாள். ஒரு தடவை ஒன்றரை மார்க்கில் போனது. அன்றைக்கு அழக்கூட இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு இன்னா பண்ணுது?" என்பார்கள். "படிக்குது" என்பார் மாமா. "இன்னுமா?" என்று காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நெல் மண்டியில் அவரைக் கிண்டல் செய்வதே சிலருக்குப் பொழுதுபோக்கு. "உம் பொண்ணு ரிட்டையர் ஆவற வயசுலதான்யா வேலைக்குப் போவும்." மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். மகளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நல்ல மனிதர். அதுதான் வினையே.

வயது வரம்பு தாண்டப் போகிற கடைசி வருஷம் அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அந்தத் தடவை முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டாள். போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பாஸாம்மா?" என்றார் மாமா.

"பாஸ்தான் நைனா. ஆனா இது வந்து..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அந்த நேரம் பார்த்தா ஜெயசுதாவின் தாய்மாமன் பூவராகவன் வீட்டில் இருக்க வேண்டும்? வெள்ளை வேட்டிக்காரர், எதற்கெடுத்தாலும் பேனர் வைக்கிறவர். மறுநாள் காலையில் கூட்டுரோட்டில் பெரிய பேனர் நின்றது. 'இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் வெற்றிவாகை சூடிய செஞ்சி மண்ணின் மகள்.' காலேஜ் அடையாள அட்டையில் இருந்த அவள் படம் சின்னதாக. பூவராகவன் படம் அதைவிடப் பெரிதாக.

நான் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அதக் கழட்டச் சொல்லுங்க. நான் இன்னும் ஒண்ணுமே ஆவல."

கூட்டுரோட்டுக்கு ஓடினேன். பேனருக்குக் கீழே மாமா நின்றிருந்தார். பஸ்சுக்கு நின்ற ஜனம் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. மண்டியில் கிண்டல் செய்த ஆளே சால்வை வாங்கி வந்து போர்த்தினான். நான் காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"இருக்கட்டும் கலை," என்றார். "ஆவத்தான போவுது. முன்ன பின்ன ஆனா இன்னா?"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பேனர் ஆடிக்காற்றில் கிழிந்து போனது. பேச்சு கிழியவில்லை. அம்மன் கோயில் திருவிழாவில் மாமாவுக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மண்டியில் நாற்காலி போட்டார்கள். பெயர் வைக்க, தாலி எடுத்துக் கொடுக்க என்று கூப்பிட ஆள் வந்தது. 'கலெக்டர் அப்பா' என்பதே அவர் பெயராகிவிட்டது. வயசாகி முதல் தடவையாக அவர் முதுகு நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன்.

முதன்மைத் தேர்வு முடிவு குளிர்காலத்தில் வந்தது. ஜெயசுதா எனக்குத்தான் போன் செய்தாள். "அண்ணி, இல்ல," என்றாள். அவ்வளவுதான்.

நான் சொன்னதை மாமா கேட்டுக்கொண்டார். வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டார். சில நாள் கழித்து டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "டிரெய்னிங்ல இருக்குது. வடக்க, மசூரி மலையில. போன் கீன் எடுக்காது," என்றாராம். என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்து குதித்தார். "இன்னா நைனா இது, அசிங்கமா இல்ல?"

"வேணும்னா நீயே போயி ஊருல சொல்லிடு," என்றார் மாமா. "அப்பால நான் இந்தத் தெருவுல கால வெக்க மாட்டேன்."

இவர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான். தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமலா? பட்டியல் செல்போனிலேயே வருகிறது. அவர்கள் மாமாவைக் கண்டால் எழுந்து நின்று கும்பிட்டு, அவர் போனதும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு அவர் காதில் விழவில்லை. கும்பிடு மட்டும் கண்ணில் பட்டது.

ஆனால் மசூரியில் இருக்கிற பெண் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்க முடியுமா? பொங்கலுக்கு அவள் வரவில்லை. தீபாவளிக்கும் இல்லை. சென்னையில் ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகள் எழுதும் மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்திக்கொண்டு, ஹாஸ்டல் சோற்றைத் தின்றுகொண்டு கிடந்தாள்.

இந்தக் கோடையில் ஒருநாள் காலையில் வந்து நின்றாள். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள். கழற்றியபோது எனக்குத் திக்கென்றது. கன்னமெல்லாம் வற்றி, காதோரம் நரைத்திருந்தது. மாமா மகளைப் பார்த்தார். முதலில் தெருவை எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார். பிறகுதான் "வாம்மா" என்றார்.

"நைனா, நான் வந்துட்டேன். இங்கயே இருக்கப் போறேன்," என்றாள் ஜெயசுதா. இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஜூனில் சேரலாம் என்றாள். "எனக்கு அங்க முடியல நைனா. தனியா இருந்து இருந்து பைத்தியம் புடிச்சிடும் போல இருக்குது. ஊருல உண்மையச் சொல்லிடலாம். சிரிக்கறவங்க ரெண்டு நாளு சிரிப்பாங்க."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல சாப்புடு," என்றார் மாமா.

அவள் சாப்பிட உட்கார்ந்தபோதே கதவைத் தட்டினார்கள். அவலூர்பேட்டைப் பக்கத்துத் தைலம்மாள். புருஷன் இல்லாத பொம்பளை. அவள் வீட்டுக்குப் போகிற வழியைப் பங்காளி முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டான். அதை எடுத்துக் கொடுக்கக் கலெக்டர் பெண்ணிடம் சொல்லச் சொல்லி மாமாவிடம் நடையாக நடந்துகொண்டிருந்தாள். மாமாவும் சொல்கிறேன் சொல்கிறேன் என்று அனுப்பிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் அவள் கண் நேரே ஜெயசுதா மேல் போனது.

"அண்ணா, பொண்ணு வந்திருக்குதா!" என்று உள்ளே ஓடி வந்தாள். கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஜெயசுதா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "என் தாயே, நீதான் எனக்கு வழி வுடணும்!"

ஜெயசுதா எச்சில் கையோடு எழுந்து அவளைத் தூக்கினாள். "அம்மா, நான் கலெக்டர் இல்லம்மா. பரீட்சையில தோத்துட்டேன். எனக்கு எந்தப் பதவியும் இல்ல. அது பொய்யி."

தைலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

மாமா சிரித்தார். என் கண்ணால் பார்த்தேன், சிரித்தார். "வெளாட்டுக்குச் சொல்லுதும்மா. இங்க வந்தா பதவியப் பத்திப் பேசக்கூடாதுன்னு இருக்குது, அதான்."

"நைனா!" என்று கத்தினாள் ஜெயசுதா.

தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போம்மா. அதுக்குன்னு இல்லவே இல்லன்னு பொய் சொல்லணுமா? ஏழைங்கன்னா உனக்கும் அவ்ளோதானா?" என்றாள். விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி, அது சொன்னதுதான் நெசம் என்றேன். "நீயும் அந்த வூடுதான?" என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வந்து பார்த்தால் ஜெயசுதா கை கழுவாமல் அப்படியே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமா அவள் எதிரே குந்தியிருந்தார்.

"நீ அங்க இருந்தா நான் கலெக்டர் அப்பன். இங்க இருந்தா பொய்யன்," என்றார். "உன்ன எத்தினி வருசம் படிக்க வுட்டேன். ஒரு நாளு முகம் சுளிச்சிருப்பனா? இது ஒண்ணு எனக்காவப் பண்ணும்மா."

"எவ்ளோ நாளைக்கு நைனா?"

"நான் இருக்கற வரைக்கும்தான். அதுக்கப்புறம் தாராளமா வந்துடு. வூடு உன் வூடுதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீங்களெல்லாம் ஒரு தகப்பனா என்று கேட்டேவிட்டேன். ஜெயசுதாதான் "வுடுங்க அண்ணி" என்றாள். மத்தியானமே முகத்தைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு சென்னை பஸ் ஏறிவிட்டாள். டீச்சர் வேலைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

மாமாவுக்கு இந்த மழையில் நெஞ்சுச்சளி. கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன், முதுகைத் தேய்த்துவிடுகிறேன், ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் இழுத்து இழுத்து இருமும்போது எனக்கு ஜெயசுதா வந்து படுக்க எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்ற நினைப்புதான் ஓடுகிறது. பாவி நான், வேறென்ன சொல்ல.